திருநங்கை கல்யாணமும் இரண்டு ஆண்களின் கல்யாணமும் ஒன்றுதானே?

18 அக்டோபர் 2023, காலை (கேள்வி)

நேற்று வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைப் பற்றிக் கேட்கிறேன். ஒரே பாலினத்தவர் கல்யாணத்துக்கு இப்போதுள்ள சட்டத்தில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதே தீர்ப்பில், திருநங்கை ஓர் ஆணைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றும் இருக்கிறது. இரண்டிலுமே ஆணாகப் பிறந்த இரண்டு பேர்தானே? ஒருவர் புடவை கட்டியிருந்தால் சரி, இருவரும் வேட்டி கட்டியிருந்தால் தப்பா? எல்லாம் ஒரே விஷயத்துக்கு வேறு வேறு பெயர் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

18 அக்டோபர் 2023, இரவு

ஒன்றல்ல. நானும் ஒன்று என்றே நினைத்திருந்தேன். அப்படி நினைத்ததால் என் வீட்டில் ஒரு பிள்ளை ராத்திரியெல்லாம் அழுதது. அதை அப்புறம் எழுதுகிறேன், முதலில் தீர்ப்பு.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நான் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லாத வேறா என்பது ஒன்று. இதைப் பாலின அடையாளம் என்கிறார்கள். எனக்கு யார் மேல் ஆசை வருகிறது என்பது இன்னொன்று. இதைப் பாலீர்ப்பு என்கிறார்கள். முதல் கேள்விக்கு இன்னொரு ஆள் தேவையே இல்லை. இரண்டாவது கேள்வி இன்னொருவரைப் பற்றியது.

ஐந்து நீதிபதிகளும் ஒத்துக்கொண்ட ஒரு விஷயம் இது: திருநங்கை பெண், அவர் ஓர் ஆணை மணந்தால் அது ஆணும் பெண்ணும் செய்துகொள்ளும் கல்யாணம், அதற்கு இருக்கிற சட்டமே போதும். நீங்கள் பிறப்பைப் பார்த்து இரண்டு ஆண் என்று எண்ணுகிறீர்கள். நீதிமன்றம் அந்த ஆள் யார் என்பதைப் பார்த்து ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று எண்ணியிருக்கிறது. இது நம்மூரில் புதிதும் இல்லை. 2018 அக்டோபரில் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பதிவு செய்ய மாட்டோம் என்று அதிகாரிகள் மறுத்தார்கள். 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இந்துத் திருமணச் சட்டத்தில் மணமகள் என்ற சொல்லுக்குள் திருநங்கையும் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னது.

ஆக, திருநங்கை என்றால் ஆபரேஷன் செய்து பெண்ணாகி ஆணை விரும்புகிறவர். தன்பாலீர்ப்புள்ள ஆண் என்றால் ஆணாகவே இருந்து ஆணை விரும்புகிறவர். வித்தியாசம் அவ்வளவுதான்.

19 அக்டோபர் 2023

நேற்று எழுதிய கடைசிப் பத்தி தப்பு. என் மகள் படித்துவிட்டுப் போன் செய்தாள். ஒரே வரியில் இரண்டு தப்பு செய்திருக்கிறேன்.

முதல் தப்பு ஆபரேஷன். 2014 ஏப்ரல் 15 அன்று, நால்சா (தேசியச் சட்டப் பணிகள் ஆணையம்) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பில், ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதுதான் கணக்கு, அதற்கு அறுவை சிகிச்சையை நிபந்தனையாக வைக்கக்கூடாது என்று தெளிவாக இருக்கிறது. திருநர் என்பது, பிறந்தபோது சொன்ன பால் தன்னுடையது இல்லை என்று உணர்கிறவர்களுக்குப் பொதுச்சொல். 2019ல் வந்த திருநர் உரிமைச் சட்டம், கலெக்டர் அலுவலகத்தில் திருநர் என்று சான்றிதழ் வாங்க ஆபரேஷன் கேட்கவில்லை. ஆண் என்றோ பெண் என்றோ மாற்றி எழுதும் இடத்தில்தான் அந்தச் சட்டம் மருத்துவச் சான்று கேட்டது. நால்சா சொன்னதோடு இது இடிக்கிறது என்று அந்த மக்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் அதனால்தான்.

இரண்டாவது தப்பு இன்னும் மோசம். "ஆணை விரும்புகிறவர்" என்று எழுதிவிட்டேன். பெண்ணை விரும்பும் திருநங்கைகள் இருக்கிறார்கள். திருநம்பிகளில், அதாவது பெண் என்று வளர்க்கப்பட்டுத் தன்னை ஆணாக உணர்கிறவர்களில், ஆணை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். யாரையுமே விரும்பாதவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு என்று ஆரம்பித்து, நானே இரண்டையும் ஒரே வரியில் முடிச்சுப்போட்டேன். "ஆறு வருஷம் ஆச்சும்மா, இன்னுமா?" என்று கேட்டாள். அழிக்காமல் அப்படியே விடுகிறேன். எவ்வளவு சுலபமாக வழுக்குகிறது என்று மற்றவர்களும் பார்க்கட்டும்.

19 அக்டோபர் 2023, இரவு

"டீச்சர், அப்படியானால் அந்த இரண்டு ஆண்களில் ஒருவர் ஆபரேஷன் செய்துகொண்டால் பிரச்சினை முடிந்ததே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் கேலியாகக் கேட்கவில்லை என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

இப்படி ஒரு நாடு இருக்கிறது. ஈரானில் இரண்டு ஆண்கள் உறவு வைத்துக்கொண்டால் சட்டப்படி மரண தண்டனை வரைக்கும் போகலாம். ஆனால் பாலின மாற்று அறுவைக்கு 1980களில் கொமேனியே மத ஆணை கொடுத்துவிட்டார். ஒரு திருநங்கை விடாமல் போராடி வாங்கிய ஆணை அது. அவரைப் போன்றவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அதே வழி இன்னொரு கூட்டத்துக்குக் கண்ணியாகிவிட்டது. தன்னை ஆண் என்றே உணர்கிற, ஆணை விரும்புகிற ஒருவரிடம், உயிர் பிழைக்க வேண்டுமானால் பெண்ணாக மாறிவிடு என்று வீடும் டாக்டரும் அதிகாரியும் சேர்ந்து சொல்கிறார்கள். அவர் பெண் இல்லை. காலம் முழுக்க வேறொருவராக வாழவேண்டிய தண்டனை அது.

"யாரைப் பிடிக்கும்" என்பதற்கு ஒருவர் சொன்ன பதிலை எடுத்து, "நான் யார்" என்ற இடத்தில் எழுதினால் இப்படித்தான் முடியும்.

22 அக்டோபர் 2023

என் வீட்டுக் கதையை எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன். மகளிடம் கேட்டேன். பேர் போடாமல் எழுது என்றாள்.

நான் திண்டுக்கல் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரே மகள். 2017 டிசம்பரில், கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது, அடுப்படியில் நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், வந்து பக்கத்தில் நின்றாள். "அம்மா, எனக்குப் பொண்ணுங்களைத்தான் பிடிக்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

நான் கத்தவில்லை, அடிக்கவில்லை. எங்கள் தெருவிலேயே திருநங்கைகள் குடியிருந்தார்கள். கடைக்காரர்கள் எல்லோரும் அவர்களை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் அப்படித்தான். வீட்டை விட்டுத் துரத்தப்பட்டு, திருநங்கைகள் ஒரு குடும்பமாகச் சேர்ந்து வாழும் ஜமாத்தில் சேர்ந்து யாருக்கோ மகளாக வளர்ந்த கதைகளை அவர்கள் வாயால் கேட்டிருக்கிறேன். என் பிள்ளையை நான் துரத்த மாட்டேன் என்று அந்த நிமிடமே முடிவு செய்தேன். என் தலைக்குள் ஓடியது ஒன்றே ஒன்றுதான்: இவள் உள்ளுக்குள் ஆண், அதனால்தான் பெண்ணைப் பிடிக்கிறது.

பொங்கலுக்கு மதுரை போய் விளக்குத்தூண் பக்கம் மூன்று சட்டை வாங்கினேன், இரண்டு கட்டம் போட்டது, ஒன்று நீலம். அவளிடம் கேட்காமல் சுடிதாரையெல்லாம் பரணில் ஏற்றினேன். முடியை வெட்டிக்கொள்கிறாயா என்று கேட்டேன். போகிப் பண்டிகை அன்று, மனசைத் திடப்படுத்திக்கொண்டு, "வா தம்பி, சாப்பிடு" என்று கூப்பிட்டேன்.

தட்டைத் தள்ளிவிட்டு உள்ளே போனவள் விடியும்வரை அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லா அம்மாவும் அடிக்கும் இடத்தில் நான் ஏற்றுக்கொண்டேனே, இன்னும் என்ன செய்ய வேண்டும் என்று கோபம்கூட வந்தது.

காலையில் சொன்னாள்: "நான் பொண்ணும்மா. எனக்கு என் பாவாடை தாவணி பிடிக்கும், பூ வெச்சுக்கப் பிடிக்கும். நீ என்னை அடிச்சிருந்தாக்கூட உன் பொண்ணை அடிச்சிருப்ப. இப்ப உன் பொண்ணே இல்லன்னு ஆக்கிட்ட."

22 அக்டோபர் 2023, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதை முடிக்க முடியாமல் நிறுத்தினேன். மிச்சம் இது.

அதற்கப்புறமும் எனக்கு விளங்கவில்லை. பூ வைத்துக்கொள்கிற பெண் எப்படி இப்படி இருக்க முடியும் என்று கேட்டேன். அதுவும் அவளிடமேதான் கேட்டேன். பிறகு ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் அவளைப் பார்க்கவே இல்லை, என்னைப் பார்த்து, காலாகாலத்தில் கல்யாணம் செய்துவையுங்கள், சரியாகிவிடும் என்றார். இரண்டாவதாகப் போன மனநல மருத்துவர் நல்லவர். என்னை வெளியே உட்காரவைத்துவிட்டு அவளிடம் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு என்னைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணு ஆம்பளையாகணும்னு ஒரு தடவைகூடச் சொல்லலைம்மா. நீங்கதான் சொல்றீங்க" என்றார். நோய் எதுவும் இல்லை, மருந்தும் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். உலக சுகாதார நிறுவனம் 1990லேயே தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது என்று அவர்தான் முதலில் எனக்குச் சொன்னார். நான் வேலையில் சேர்ந்து கொஞ்ச வருடம்தான் ஆகியிருந்த நேரம் அது. அத்தனை வருடம் வகுப்பில் நின்றிருக்கிறேன், எனக்குத் தெரியாது.

25 அக்டோபர் 2023

இரண்டு வழக்குகளின் தேதியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2013 டிசம்பர் 11: சட்டப் பிரிவு 377 செல்லும், ஒரே பாலினத்தவர் உறவு குற்றம்தான் என்றது உச்ச நீதிமன்றம். 2014 ஏப்ரல் 15: திருநங்கை திருநம்பி என்று ஒருவர் தன்னைச் சொல்லிக்கொள்வது அவருடைய உரிமை என்றது அதே நீதிமன்றம். இடையில் நான்கே மாதம். "நீ யார்" என்ற கேள்விக்கு மதிப்பு, "நீ யாரை" என்ற கேள்விக்கு ஜெயில்.

இரண்டும் வேறு என்பதற்கு இதைத்தான் நான் சாட்சியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் யோசித்தால் அந்த நாலரை வருடம் திருநங்கைகளுக்கும் நிம்மதியாக இருந்திருக்காது. பெண் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்ட ஒருவர், தான் விரும்பும் ஆணோடு சேர்ந்தால், 377 அவர் மேலும் பாயலாம். போலீஸ் அந்தப் பிரிவைச் சொல்லி முதலில் மிரட்டியதும் தெருவில் கண்ணுக்குத் தெரிகிற அவர்களைத்தான். கேள்விகள் வேறுதான், ஆனால் அடி விழும் முதுகு பல நேரம் ஒன்றாகவே இருந்திருக்கிறது. 2018 செப்டம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அந்தப் பிரிவிலிருந்து, வயதுவந்தவர்கள் மனம் ஒத்துச் சேர்வதை எடுத்துவிட்டார்கள். அன்று மகள் ஹாஸ்டலிலிருந்து போன் செய்தாள். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை.

27 அக்டோபர் 2023

"பள்ளிக்கூடத்தில் ஒம்போது என்று கூப்பிடுவோமே, அவன் எந்தக் கணக்கு?" என்று கேட்டவருக்கு.

எந்தக் கணக்கும் இல்லை. அது மூன்றாவது விஷயம், நடை உடை பாவனை. கையை ஆட்டிப் பேசுகிற பையன் ஆணாகவே உணரலாம், பெண்ணை விரும்பலாம். என் வகுப்பில் ஒருவன் இருந்தான், கோலம் போடுவான், குரல் மெல்லியது. அவனை அந்தச் சொல்லால் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டே ஓடவைத்தார்கள். இன்று மனைவி, இரண்டு பிள்ளைகள், சொந்தமாகப் பட்டறை. அவன் குரல் இன்னும் மெல்லியதுதான். அந்தக் காலத்தில் நான் அந்தப் பையன்களைக் கண்டிக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் விளையாட்டு என்று விட்டுவிட்டேன். அவனை எங்கே பார்த்தாலும் எனக்கு அது உறுத்துகிறது.

அந்தச் சொல்லை இங்கே எழுதாதீர்கள். நான் பதிலுக்காக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

2 நவம்பர் 2023

தமிழாசிரியை என்பதால் இலக்கணத்துக்குக் கொஞ்சம் போகிறேன். பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

நன்னூலில் பேடு பற்றி ஒரு நூற்பா உண்டு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுகிறவருக்கு ஆண்பால் விகுதி, ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுகிறவருக்குப் பெண்பால் விகுதி என்கிறது. முப்பது வருடம் இதைச் சொல்லிக்கொடுத்தேன். "அவாவு" என்றால் ஆசைப்படு, அதாவது ஆணின் மேல் ஆசைப்படுகிறவர் என்றுதான் என் மனசுக்குள் பொருள் வைத்திருந்தேன். இப்போது திரும்பப் படித்தால், அப்படி இருக்கவே முடியாது. ஆணை விரும்புவதைச் சொல்லியிருந்தால் எதற்கு ஆண்பால் விகுதி கொடுக்க வேண்டும்? ஆணாக இருக்க விரும்புகிறவருக்குத்தான் "வந்தான்" பொருந்தும். விட்டதை விடு, விரும்பியதைக் கொண்டு வினைமுற்றைப் போடு என்கிறார் பவணந்தியார். பாலீர்ப்பைப் பற்றி அந்த நூற்பா பேசவே இல்லை. என் பெண்ணிடம் நான் செய்த அதே குழப்பத்தை நூற்பாவிடமும் செய்துகொண்டிருந்தேன்.

3 நவம்பர் 2023

மூன்றாவது அடியை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம். அதே நூற்பா, இந்த இரு சாராரையும் அஃறிணை போலவும் சொல்லலாம் என்றுதான் முடிகிறது. பிடித்ததை எடுத்துக்கொண்டு பிடிக்காததை மறைத்துவிட்டேன். மனிதரை அஃறிணையில் சொல்லும் அடி எனக்கு வலிக்கிறது, ஆனால் அது அங்கே இருக்கிறது.

3 நவம்பர் 2023, மாலை

அந்த விவாதத்தில் ஒருவர் சொன்ன நல்ல விஷயம்: தமிழில் அவர், வந்தார் என்று மரியாதையாகப் பேசினால் ஆணா பெண்ணா என்ற பிரச்சினையே எழாது. உண்மை. ஆனால் வீட்டுக்குள் அது உதவாது. அண்ணன், அக்கா, மாமா, அத்தை, எல்லாவற்றிலும் பால் இருக்கிறது. என் பழைய மாணவர் ஒருவர் திருநம்பி. அவருடைய தங்கை "அக்கா"விலிருந்து "அண்ணா"வுக்கு வர இரண்டு வருடம் எடுத்ததாகச் சொன்னார். அதுவரை "இந்தாப்பா" என்றே கூப்பிட்டுச் சமாளித்தாளாம்.

9 நவம்பர் 2023

அந்த மாணவரைப் பற்றி நிறையப் பேர் கேட்டதால் எழுதுகிறேன். அவர் சம்மதித்திருக்கிறார்.

பெண்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பில் என்னிடம் படித்தார். இப்போது திருப்பூரில் வேலை. நான் முதல் தடவை அவரைத் திரும்பப் பார்த்தபோது எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் இருந்தேன். என் மகள் விஷயத்தில் பாடம் படித்தவள் அல்லவா. தனக்கு ஓர் ஆணைப் பிடித்திருக்கிறது என்று பேச்சுவாக்கில் சொன்னார். என் வாயிலிருந்து வந்தது: "அப்போ பெண்ணாவே இருந்திருக்கலாமே, எவ்வளவு சுலபம்?"

அவர் கோபப்படவில்லை. "டீச்சர், அவன் நாளைக்கு என்னை விட்டுப் போயிட்டான்னு வெச்சுக்கோங்க. நான் தனியா ரூம்ல உக்காந்திருக்கேன். அப்பவும் நான் ஆம்பளைதானே?" என்றார்.

இதைவிட எளிமையாக எனக்கு யாரும் விளக்கியதில்லை. மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கே தான் ஆணா பெண்ணா என்று ஒரு தீர்மானம் இருக்கும். ஆசை என்பது பெரும்பாலும் வயசுக்கு வரும்போது தெரிகிறது. பல பேருக்கு இரண்டுக்கும் நடுவில் பத்து வருடம் இருக்கிறது. இவர் நான்காம் வகுப்பிலேயே பாவாடை வேண்டாம் என்று அழுதவர். யாரைப் பிடிக்கும் என்று அப்போது அவருக்கு எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் லூ சல்லிவன் என்று ஒரு திருநம்பி இருந்தார். ஆண்களை விரும்பினார். அந்தக் காலத்து மருத்துவமனைகள், பெண்ணை விரும்பினால்தான் நீ உண்மையான ஆண் என்று சொல்லி அவருக்குச் சிகிச்சை தர மறுத்தன. விடாமல் வாதாடினார். 1991ல் எய்ட்ஸால் இறந்தார். நான் என் மாணவரிடம் கேட்ட கேள்வியும் அந்த மருத்துவர்கள் கேட்ட கேள்வியும் ஒன்றேதான்.

இப்போது முதல் கேள்விக்கு வாருங்கள். இவரும் இவர் விரும்புகிறவரும் கல்யாணம் செய்துகொள்ள அக்டோபர் தீர்ப்பில் இடமில்லை. பிறப்பைப் பார்த்தால் ஆணும் பெண்ணும். ஆனால் இவர் ஆண் என்று ஒப்புக்கொண்டால் இரண்டு ஆண்கள். தான் யார் என்பதைச் சட்டப்படி வாங்கிக்கொண்டதாலேயே யாரோடு என்பதை இழக்கிறார். ஒருவர் புடவை, ஒருவர் வேட்டி என்று கேட்டீர்களே, அந்தக் கேள்வியின் வலி எங்கே இருக்கிறது என்று இவரைப் பார்த்தால் தெரியும்.

14 நவம்பர் 2023

உடம்பு வேறு விஷயம், அதையும் பிரித்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஊடுபால் என்பது பிறவியிலேயே உடலின் பால் கூறுகள் ஆண், பெண் என்ற வழக்கமான பிரிவில் அடங்காமல் இருப்பது. அது அடையாளமும் இல்லை, ஈர்ப்பும் இல்லை.

ஒடிசாவின் ஓட்டக்காரர் துத்தி சந்தை நினைத்துப் பாருங்கள். உடலில் டெஸ்டோஸ்டிரோன் (ஆண்களுக்கு அதிகம் சுரக்கும் ஹார்மோன்) அதிகம் என்று 2014ல் காமன்வெல்த் போட்டிக்கு அனுப்ப மறுத்தார்கள். அவர் வழக்குப் போட்டு 2015ல் அந்த விதியையே நிறுத்திவைக்க வைத்தார். அது உடம்பு பற்றியது. அவர் ஒரு பெண், எந்த நாளும் வேறு சொன்னதில்லை. அது அடையாளம். 2019 மே மாதம், ஒரு பெண்ணோடு உறவில் இருப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். அது ஈர்ப்பு. மூன்றும் மூன்று தனிச் செய்திகள். ஆனால் எங்கள் தெருவில் "அதான் அப்பவே டெஸ்ட்ல தெரிஞ்சுதே" என்று ஒரே செய்தியாக்கிவிட்டார்கள்.

நம் புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனுக்கு அந்த வாய்ப்புகூட இல்லை. 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கி, பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். செங்கல் சூளையில் கூலி வேலை செய்த குடும்பத்துப் பெண். பெண்ணாகப் பிறந்து பெண்ணாக வளர்ந்து பெண்ணாக ஓடியவர். என் வகுப்புப் பெண்கள் அன்று என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை.

21 நவம்பர் 2023

ஒரு ஆறுதல், எனக்கும் உங்களுக்கும். 1860களில் ஜெர்மனியில் உல்ரிக்ஸ் என்ற வழக்கறிஞர், ஆணை விரும்பும் ஆண்களுக்காக முதன்முதலில் வெளிப்படையாக வாதாடியவர், அவரே ஓர் ஆணை விரும்பியவர். அவர் சொன்ன விளக்கம் என்ன தெரியுமா? ஆண் உடலுக்குள் பெண்ணின் ஆன்மா. நான் அடுப்படியில் நினைத்த அதேதான். பாலின அடையாளம் என்ற சொற்றொடரே 1960களில்தான் மருத்துவ எழுத்துக்கு வந்தது. சொல் இல்லாமல் நூறு வருடம் பெரிய மனிதர்களே தடுமாறியிருக்கிறார்கள்.

6 டிசம்பர் 2023

எனக்கு இப்போது ஒரு சந்தேகம். இரண்டும் வேறு வேறு என்று இவ்வளவு அழுத்திச் சொல்லிவிட்டேன். எங்கள் தெரு அக்கா ஒருவர், இதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டார், படித்தேன். கடைசியில், "டீச்சர், நீங்க சொல்றது சரிதான். ஆனா எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் வந்துச்சு" என்றார்.

பதினைந்து வயதில் ஒரு பையன் மேல் ஆசை வந்தபோதுதான், அவன் தன்னை ஒரு பையனாகப் பார்ப்பது பொறுக்கவில்லை, பெண்ணாகப் பார்க்க வேண்டும் என்று தெரிந்ததாம். ஆசை வழியாகத்தான் தன்னைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆணை விரும்பும், பெண் சாயல் கொண்டவர்களில் கோத்தி என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் சிலர் பெண்ணாக உணர்கிறார்கள், சிலர் ஆணாகவே இருந்துகொண்டு அந்தச் சொல்லை வைத்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைப் பிடித்து, இது அடையாளமா ஈர்ப்பா என்று நாம் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வரும். நால்சா தீர்ப்பும் திருநர் பட்டியலில் அவர்களைச் சேர்த்தே சொல்கிறது. கூவாகத்தில் சித்திரையில் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கொள்ள வருகிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொல்லப்போவதில்லை.

அதனால் என் பேச்சைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கேள்விகள் இரண்டு. ஒருவருடைய வாழ்க்கையில் அவை பின்னிக்கிடக்கலாம். அந்தப் பின்னலை அவரே பிரித்துக் காட்டட்டும், அல்லது பிரிக்காமல் வைத்துக்கொள்ளட்டும். ஒரு பதிலைக் கேட்டுவிட்டு இன்னொன்றை நாமே ஊகித்துக்கொள்ளும் வேலைதான் நமக்கு வேண்டாம்.

7 டிசம்பர் 2023

"அரசாங்கத்துக்காவது இது தெரியுமா?" என்றவருக்குச் சுருக்கமாக. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இரண்டு பெண்கள் பாதுகாப்புக் கேட்டு வந்த வழக்கில், தனக்கு இந்த விஷயம் சரியாகத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டுவிட்டு 2021 ஜூன் 7 அன்று உத்தரவு போட்டார். ஈர்ப்பையோ அடையாளத்தையோ "மாற்றும்" சிகிச்சைகளுக்குத் தடை விதித்தார். அந்த வழக்கின் தொடர்ச்சியாக 2022ல் தமிழக அரசு சொற்பட்டியல் ஒன்றை அரசிதழில் வெளியிட்டது. ஒரு நீதிபதி தெரியாது என்று சொன்ன இடத்தில் நான் ஏன் அன்றைக்குத் தெரிந்த மாதிரி சட்டை வாங்கினேன் என்று யோசித்திருக்கிறேன்.

17 ஜனவரி 2024

பொங்கலுக்கு மகள் வந்தாள், தன் தோழியோடு. திருப்பூர் மாணவரும் வந்திருந்தார். பரணைச் சுத்தம் செய்தபோது அந்த மூன்று சட்டையும் மடிப்புக் கலையாமல் கிடந்தன. மகள் நீலச் சட்டையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். தோள் சரியாக இருந்தது, கை மட்டும் குட்டை. மடித்துவிட்டுக்கொண்டார். மதியம் சாப்பிடக் கூப்பிடும்போது அவரைத்தான் தம்பி என்று கூப்பிட்டேன், வேறு யாரும் திரும்பவில்லை.

2 பிப்ரவரி 2024

நேற்றிரவு இங்கே ஓர் அம்மா எழுதியிருக்கிறார். பதினேழு வயது மகன், தனக்குப் பையன்களைப் பிடிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். "நான் அவனை ஏற்றுக்கொண்டேன் டீச்சர், இனிமேல் மகளாகவே நினைத்துக்கொள்கிறேன், புதுப் பெயர் வைக்கலாமா, முடியை வளர்க்கச் சொல்லலாமா" என்று கேட்கிறார்.

அம்மா, பொறுங்கள். ஒன்றும் வாங்காதீர்கள். அவன் உங்களிடம் சொன்ன வாக்கியத்தை ஒரு தாளில் அப்படியே எழுதிப் பாருங்கள், உங்கள் வார்த்தை ஒன்றுகூடச் சேர்க்காமல். "எனக்குப் பசங்களைப் பிடிக்குது" என்று இருந்தால், அதில் அவன் பெண் என்று எங்கேயும் இல்லை. அது அவன் சொல்லாதது. நாளைக்கு அவன் அதையும் சொன்னால், அப்போது அதைக் கேட்டுக்கொள்ளலாம். இன்றைக்கு அவன் சொன்னதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். யாரையாவது பிடித்திருக்கிறதா, அந்தப் பையன் எப்படிப்பட்டவன், யாராவது உன்னைப் பள்ளியில் தொந்தரவு செய்கிறார்களா என்று கேளுங்கள். அப்பாவிடம் நீங்களாகப் போய்ச் சொல்லாதீர்கள், எப்போது சொல்வது என்று அவனைக் கேளுங்கள்.

இன்று ராத்திரி சாப்பிடக் கூப்பிடும்போது நேற்று வரை எப்படிக் கூப்பிட்டீர்களோ, அதே பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.